தம்பிக்கு நான் எழுதிய பயோடேட்டா

"பொண்ணு பாக்கவா வந்திருக்கிய?"

போன மாதம் தென்காசி அரசு ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவு வாசலில், ஒரு அட்டெண்டர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலேயே இலஞ்சியில் பஸ் ஏறி, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வழுவழுவென்று ஷேவ் செய்த முகம். படிய வாரிய தலை. நெற்றியில் திருநீறு. வயது நாற்பத்தெட்டு.

என் தம்பி. பெயர் குற்றாலிங்கம். வீட்டில் லிங்கம்.

"தம்பியா? உங்களுக்கா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எட்டு வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். என் வீட்டு மிக்ஸி புகைந்தது உங்களுக்குத் தெரியும். ரேஷன் கடையில் நான் போட்ட சண்டை தெரியும். என் இடது முழங்கால் பற்றி என் டாக்டரைவிட உங்களுக்கு அதிகமாகத் தெரியும். தம்பி ஒருவன் இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

'ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறீர்கள்' என்று சிலர் கடிதம் போட்டுப் பாராட்டியிருக்கிறீர்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வாரம் எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான். "எழுது. பேர மட்டும் தப்பில்லாமப் போடு. பாஸ்புக்குல ஒரு எழுத்த விட்டுட்டானுவ" என்றான். போட்டாயிற்று. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் — குற்றாலிங்கம்.

லிங்கத்துக்கு மனச்சிதைவு நோய். இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரீனியா. இருபத்தாறு வயதில் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் அவனுக்கு ஆள் பேசும். மாத்திரை சாப்பிட்டால் அது அடங்கிவிடும் — அடங்கிவிட்டது என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. கோட்டி. திருநெல்வேலிச் சீமையில் இந்த வார்த்தை வாங்காமல் வளர்ந்தவர் யாரும் கிடையாது. பிள்ளையைக் கொஞ்சினாலும் 'கோட்டிப் பயலே', புருஷனைத் திட்டினாலும் 'கோட்டி மனுஷா'. நான் மட்டும் என் வீட்டுக்குள் அந்த வார்த்தையைத் தடை செய்து வைத்திருந்தேன். விருந்தாளி விளையாட்டாகச் சொன்னால்கூட காபி கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

லிங்கத்திடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. அதை வைத்துத்தான் மாதாமாதம் உதவித்தொகை. அவனுடைய மருத்துவச் சான்றிதழுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுள். பிறகு மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும், மறுபடி பரிசோதனை, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மறுபடி கணக்கு. நாற்பதுக்குக் கீழே போய்விட்டால் உதவித்தொகை நின்றுவிடும். போன தடவை பழைய மாத்திரைச் சீட்டுகளைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அஞ்சு வருஷத்தில் எக்ஸ்பயரி ஆவதற்கு இது என்ன, பால் பாக்கெட்டா? நோய் இருக்கிறது. மாத்திரைச் சீட்டு இருக்கிறது. ஆள் இருக்கிறான். எதற்காகத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டும்? தெருவில் போவோர் வருவோரிடம் எல்லாம் ஒரு மாதம் இதையே புலம்பிக்கொண்டிருந்தேன்.

பணம் பெரிய பணம் இல்லை. ஆனால் அது அவன் பணம். எங்கள் வீட்டில் எல்லாமே என் பேரில் இருக்கிறது. கரண்ட் பில், கேஸ், ரேஷன், வீட்டு வரி. அந்த ஒரு பாஸ்புக் மட்டும் அவன் பேரில். மாதத்தில் ஒரு நாள், அவனே சட்டை போட்டுக்கொண்டு, பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்து, தனியாக நடந்து வங்கிக்குப் போவான். தெருமுனைக் கடையை விட்டால், அவன் துணையில்லாமல் போகிற ஒரே இடம் அதுதான். வரும்போது எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வருவான். "இந்தா, சாப்பிடு" என்று மேஜையில் வைக்கிற தோரணை இருக்கிறதே... கலெக்டர் தோற்றுப் போவார்.

சான்றிதழ் முடியப் போகிறது என்று சொன்னதும் அவன் கேட்டது ஒரே கேள்விதான். "அப்போ நான் பேங்குக்குப் போவண்டாமா?"

அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் பிடிக்குமா?

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் பாதி படிவம் நிரப்பியே போயிற்று; எங்கள் பேச்சில் 'பாரம் எழுதுவது'. முதியோர் பென்ஷனா, சாதிச் சான்றிதழா, பட்டா மாறுதலா — எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்தைப் பார்த்தாலே ஆபீஸில் சீல் விழும் என்று ஒரு பேர். அப்படிப்பட்ட நான் சொந்தத் தம்பிக்குப் பாரம் எழுதுவதில் கோட்டை விடுவேனா?

விட்டேன்.

ஆபீசர் முன்னால் போகிறோம் என்றால் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. சுத்தமாகப் போக வேண்டும். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். 'எப்படி இருக்கிய?' என்றால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்ல வேண்டும். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாலும் அதுதான் பதில். 'நல்லாயில்லை' என்று சொல்வது கேட்டவரை அவமதிக்கிற மாதிரி.

எனவே ஒரு வாரம் அவனுக்குப் பயிற்சி. காலை காபிக்குப் பிறகு நான் டாக்டர், அவன் அவனே.

எப்படி இருக்கீங்க என்பேன். நல்லா இருக்கேன் மேடம் என்பான். காலையில் என்ன சாப்பிட்டீங்க என்பேன். ரெண்டு இட்லி மேடம் என்பான். நாலு சாப்பிட்டிருப்பான், ஆனால் ரெண்டு என்று சொல்வதுதான் மரியாதை என்று நான்தான் திருத்தினேன். தூக்கம் எப்படி என்பேன். நல்லாத் தூங்குவேன் மேடம்.

நூற்றுக்கு நூறு.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் நிரப்பட்டும் என்றார். நோயாளி தன்னைத்தானே எப்படிப் பார்த்துக்கொள்கிறார், மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார், என்ன வேலை செய்கிறார் — இப்படிக் கேள்விகள். மடியில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து, முத்து முத்தாக எழுதினேன்.

'தினமும் தானாகவே குளிப்பார். தானாகவே உடுத்துவார். பெரியவர்களிடம் மரியாதை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வீட்டு வேலைகளில் உதவுவார். அமைதியான சுபாவம்.'

தாளை வாங்க வந்தவர்தான் அந்த அட்டெண்டர். பேர் வேலாயுதம். அறுபதை நெருங்கின ஆள், காக்கிச் சட்டை, காதில் பேனா. நின்றபடியே ஒரு ஓட்டம் ஓட்டினார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கிய?"

நான் முறைத்தேன்.

"இல்லம்மா... மாப்பிள்ளைக்கு எழுதுன பயோடேட்டா மாதிரில்லா இருக்கு இது."

"நீங்க உங்க சோலியப் பாருங்க அண்ணாச்சி. எங்க தெருவுக்கே பாரம் எழுதிக் குடுக்கவ நான்."

அவர் கோபப்படவில்லை. "தெருவுக்கு எழுதுறது வேற. இங்கன உள்ளத எழுதணும். எத்தன பேரு இப்பிடி நல்லாருக்கான் நல்லாருக்கான்னு எழுதிட்டு, பொறவு காசு நின்னு போச்சேன்னு அழுதுட்டு வருதாவ தெரியுமா?" என்றார். தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். வேண்டுமானால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

நான் வாங்கவில்லை. ஒரு அட்டெண்டர் சொல்லி நான் பாரத்தை மாற்றுவதா? திமிர். வேறு என்ன?

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். முப்பது வயது இருக்கலாம். பேச்சு சேலம் பக்கத்துப் பேச்சு. என் தாளை வாசித்துவிட்டுச் சிரித்தபடி நிமிர்ந்தார்.

"ரொம்ப நல்லா இருக்காருங்களே. வேலைக்கே போலாம் போல இருக்கு."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதல் இரண்டு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பியைப் பற்றி ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. மூன்றாவது நொடியில்தான் உறைத்தது. வேலைக்குப் போகலாம் என்றால்... சதவீதம்? பாஸ்புக்? மஞ்சள் பை?

வாயைத் திறந்து "இல்லை டாக்டர், நான் எழுதினது தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம், 'இவனுக்கு இது முடியாது, அது முடியாது' என்று பட்டியல் போடுவதா? நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் சண்டை போடுகிற நாக்கு.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். எப்படி இருக்கீங்க என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் மேடம். ரெண்டு இட்லி மேடம். நல்லாத் தூங்குவேன் மேடம்."

மூன்று பதிலையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். கேட்டது ஒரு கேள்விதான்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். சிரிக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டார். லிங்கம் விரலை நீட்டி என்னைக் காட்டினான். எனக்குத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"சரிங்க லிங்கம். அக்கா சொல்லித் தராத ஒண்ணு கேக்கறேன். குளிக்கறதெல்லாம் எப்படி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எக்கா எழுதினது சரியில்ல மேடம்" என்றான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, குளியல் கதையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நடக்கிற ஒரே சண்டை இதுதான்.

லிங்கம் வீட்டில் குளிக்க மாட்டான். வெந்நீர் வைத்தாலும் மாட்டான், பச்சைத் தண்ணீர் வைத்தாலும் மாட்டான். பாத்ரூமுக்குள் அனுப்பினால் வாளியைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுவான். அருவி என்றால் போவான். அதுவும் குற்றாலத்து ஐந்தருவி. வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும், கூட்டம் சேருவதற்கு முன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். நேரே போய் நடுவில் நிற்பான். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போகும்.

மற்ற வீடுகளில் மழை எவ்வளவு என்று நியூஸ் பார்ப்பார்கள். நான் 'அருவியில் குளிக்கத் தடை' என்று போடுகிறார்களா என்று பார்ப்பேன். வெள்ளம் வந்து தடை போட்டால் எங்கள் வீட்டில் அஞ்சு நாள், ஆறு நாள் குளியல் கிடையாது. கோடையில் அருவி வற்றிவிடும். அப்போது வயக்காட்டு பம்புசெட். அங்கும் மோட்டார் ஓடினால்தான் தொட்டியில் இறங்குவான். நிறுத்தினால் ஏறிவிடுவான்.

ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள், அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் தெளிந்துவிடும் என்று சொல்லி, எலுமிச்சம்பழமும் கையுமாக அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். தெளியவில்லை. அதை நம்பிக்கொண்டுதான் இவனும் அருவி அருவி என்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் அவனிடம் கேட்பானேன்?

ஒரு நாள் வீட்டில் விசேஷம். அருவியில் தடை வேறு. பாத்ரூம் வாசலில் அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்தேன். வாளி பறந்து வந்தது. அன்றைக்கு நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று நான் தடை போட்டிருந்த வார்த்தையை, நானே, அவன் முகத்துக்கு நேரே. வாளியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது டாக்டர் அறைக்கு வாருங்கள்.

வீட்டில் குளிக்க மாட்டேன், ஐந்தருவியில்தான் குளிப்பேன் என்று அவனே சொன்னான். டாக்டர் ஏன் என்று கேட்டார். அங்கே சத்தம் அதிகம் என்றான். சத்தம் பிடிக்குமா என்றார்.

அவன் பதில் சொல்லவில்லை. டாக்டரும் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. வெளியே வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் அதற்குள் நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் நானே பதில் சொல்லியிருப்பேன்.

ரொம்ப நேரம் கழித்து லிங்கம் பேசினான்.

"அங்கன நின்னா அவனுவ பேசுறது கேக்காது மேடம்."

"யாருங்க?"

"அவனுவதான். எப்பவும் பேசிட்டே இருக்கவனுவ. வீட்டுல தண்ணிய மொண்டு ஊத்துறோம்லா... ஒரு கப்புக்கும் அடுத்த கப்புக்கும் நடுவுல பேசிருதானுவ. உடுப்பில்லாம நிக்கேன்லா. அதப் பத்திப் பேசுதானுவ. அசிங்கமா."

டாக்டர் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டார்.

"அருவின்னா நடுவுல இடைவெளியே கிடையாது மேடம். அவனுவளுக்கு வழி இல்ல."

அருவி. பம்புசெட். இரண்டுக்கும் என்ன பொது? காது கிழிகிற சத்தம். இருபத்திரண்டு வருஷம் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். எனக்கு அது தெரியவில்லை. தெருவுக்கே பாரம் எழுதுகிறவளுக்கு!

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போவோம். டாக்டர் அவனைக் கேட்பார். நான் பதில் சொல்வேன். "நல்லா இருக்கான் டாக்டர். ஒரு தொந்தரவும் இல்ல." மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம். டாக்டர் மாறுவார், பதில் மாறாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த எந்த டாக்டருக்கும் என் தம்பியின் குரலைக் கேட்க நான் வாய்ப்பே கொடுத்ததில்லை.

நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அழவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். என் மேலேயே. அந்த முத்து முத்தான கையெழுத்தின் மேல்.

டாக்டர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தத் தடவ அவரு சொல்லட்டுங்க. நீங்க எழுதுங்க. அவரு சொல்றதை மட்டும்."

எழுதினேன். அவன் சொன்னான், நான் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதின பாரங்களிலேயே கையெழுத்து மோசமான பாரம் அதுதான்.

கடைக்குப் போனால் பாக்கி வாங்காமல் வந்துவிடுவதாகச் சொன்னான். கடைக்காரர் பேசுவதும் 'அவனுவ' பேசுவதும் ஒரே நேரத்தில் கேட்குமாம், எதற்குப் பதில் சொல்வது என்று குழம்பிவிடுமாம். எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எழுந்து போவது பசியில்லாமல் இல்லையாம், அத்தனை பேர் நடுவில் எந்தப் பேச்சு யாருடையது என்று பிரிக்க முடியாதாம். தெரியாது. வங்கிக்குப் போகும்போது மட்டும் பாஸ்புக்கில் உள்ள எண்ணை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பானாம். அப்படிச் சொன்னால் அவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்களாம்.

அதுவும் தெரியாது. நேந்திரங்காய் சிப்ஸ் தின்றது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே சலசலப்பு. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. யாரோ ஒருவர், உள்ளே போனவர்கள் குடியிருக்கவா போனார்கள் என்று சத்தம் போட்டார். அதற்கு வேலாயுதம் அண்ணாச்சி சொன்ன பதிலும் எனக்குக் கேட்டது.

"உனக்கும் இந்த மாதிரி நேரம் குடுப்பாவ. அப்பவும் நான் இங்கனதான் நிப்பேன். உக்காரு."

டாக்டர் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினார். இத்தனை வருஷம் மாத்திரை சாப்பிட்டும் குரல் இவ்வளவு கேட்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அவரே சொல்லி, ஒரு மாத்திரையை மாற்றி எழுதினார். கடைசியில் சதவீதத்தை எழுதி, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாற்பது என்ற கோட்டுக்கு மேலேதான். நன்றாகவே மேலே.

எனக்குப் பெருமூச்சு வந்தது. அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்ப வரணுமா மேடம்?"

வர வேண்டும் என்றார்.

"சரி. நீங்க இருப்பியளா?"

மாற்றல் வந்துவிடும், தெரியாது என்றார். அடுத்து வருகிறவருக்காக இன்றைக்கு அவன் சொன்னதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். எழுதியிருந்ததைக் காட்டினார். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இங்கிலீஷுக்கு நடுவில் ஒரு வரி மட்டும் தமிழில்: 'ஒரு கப்புக்கும் அடுத்த கப்புக்கும் நடுவில்.'

அந்தச் சேலத்துப் பெண் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் நன்றாக இருக்கட்டும். அந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த பெரிய ஆசீர்வாதம் அதுதான்.

வெளியே வந்து வேலாயுதம் அண்ணாச்சியிடம் போனேன். மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி" என்றேன். அவர் லிங்கத்தின் சட்டையைப் பார்த்து, "சட்ட நல்லாருக்கு. எங்க எடுத்தது?" என்று அவனிடம் கேட்டார். என்னிடம் இல்லை. அவனிடம். அவனும் பதில் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு மாதம் முழுக்க நான் திட்டித் தீர்த்தேனே, பால் பாக்கெட்டா என்று... அந்த அஞ்சு வருஷ எக்ஸ்பயரி இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? நிரந்தரச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் சாகும்வரை பாத்ரூம் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்திருப்பேன். புதுப்பிக்கச் சொன்ன புண்ணியவான் யாரோ, அவருக்கும் நன்றி. ஆனால் பெஞ்சைக் கொஞ்சம் நீளமாகப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் நிற்கிறார்கள்.

ஊருக்கு வந்த மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டு பாத்ரூமில் ஷவர் போட்டேன். கப்பு இல்லை, இடைவெளி இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். லிங்கம் உள்ளே போய்த் திறந்து பார்த்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"எக்கா, இது சாரலு. அருவி இல்ல."

அதுவும் சரிதான். எங்கள் தெருத் தண்ணீரின் வேகம் அப்படி. கடைசியில் அவனே யோசனை சொன்னான். பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்து, ஷவரோடு குழாயையும் முழுக்கத் திறந்து அதன் மேல் விழ விட்டோம். ஐயோ, அந்தச் சத்தம்! வீடே அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் தம்பி என் வீட்டில் குளித்தான். துவட்டிக்கொண்டு வந்து, "பரவால்ல. கொள்ளாம்" என்றான். செங்கோட்டைப் பக்கம் புழங்குகிற மலையாளச் சொல். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவன் வாயிலிருந்து அது லேசில் வராது.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு மதினி சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். என்ன இடி இடிக்கிறது என்றாள். வழக்கமாக நான் ஒரு பொய் வைத்திருப்பேன். மோட்டார் ரிப்பேர், பைப் அடைப்பு, ஏதாவது. அன்றைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். தம்பிக்குக் குரல் கேட்கும், குளிக்கும்போது சத்தம் இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி, தினமும் காலையில் இப்படித்தான் இருக்கும் என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"அதுக்கென்ன மதினி. நல்லாச் சத்தமா விடுங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "நாங்க இங்கன டிவிய அந்த நேரத்துல கூட்டி வச்சுக்கிடுதோம்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் எதற்காக ஒளித்தேன்?

உங்கள் வீட்டிலும் ஒரு லிங்கம் இருக்கலாம். நீங்களும் அவருக்காகப் பாரம் எழுதுகிறவராக இருக்கலாம். நமக்கு ஒரு ஆளைப் பற்றி எழுதத் தெரிந்தது ஒரே விதம்தான் — பெண் வீட்டாருக்கு எழுதுகிற மாதிரி. குறையை எல்லாம் மடித்து உள்ளே வைத்து, வெளியே இஸ்திரி போட்டு. அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டாதீர்கள். மோசமான நாளில் எப்படி இருப்பார் என்பதை எழுதுங்கள். அதைவிட முக்கியம், அவரையே சொல்லவிட்டு நீங்கள் எழுதுங்கள். வலிக்கும். எழுதுங்கள்.

புது அட்டை இருபது நாளில் வந்தது. இ-சேவை மையத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். லிங்கம் அதை வாங்கிப் பெயரைச் சரிபார்த்தான். எழுத்து எதுவும் விடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பி நடந்து வரும்போது பாதி வழியில் அவன் நின்றான், காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. அவன் அப்படி நிற்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆயிரம் தடவையும், பராக்குப் பார்க்கிறான் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நானும் நின்றேன். கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கேட்டுவிட்டேன்.

"இப்ப என்னலே சொல்லுதானுவ?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு, சொல்லலாமா என்று தயங்குகிற மாதிரி இழுத்தான்.

"ஒங்க அக்கா ரொம்பப் பேசுதான்னு சொல்லுதானுவ."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் சொன்ன ஒன்றை நான் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.